இறந்த தந்தையின் குரலில் பேசும் பெண்: தொவிலா, வைத்தியசாலையா?

கேள்வி:

நான் கண்டியைச் சேர்ந்த தமிழன், ஆசிரியர். என் மனைவி மாத்தறைப் பக்கத்துச் சிங்கள பௌத்தக் குடும்பத்துப் பெண். அவளுடைய தங்கைக்கு இருபத்திரண்டு வயது. நங்கி என்றே நானும் அழைப்பேன். கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். எட்டு மாதங்களுக்கு முன் என் மாமனார் ஈரல் பழுதாகி இறந்துபோனார். நங்கிக்கு விடுமுறை கிடைத்து அவள் ஊர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது.

சில மாதங்களாக அந்தி சாயும் நேரத்தில் அவள்மீது ஏதோ ஏறுகிறது. முடியை அவிழ்த்துப் போட்டு ஆடுகிறாள். மாமனாரின் குரலில், அவர் திட்டும் அதே வார்த்தைகளில் பேசுகிறாள். சாராயம் கேட்கிறாள்; ஓரிரு முறை கொடுத்தும் விட்டார்கள். “நான் கிடந்தபோது யார் வந்தீர்கள்?” என்று கேட்கிறாள். “சின்னவளை அந்த வீட்டில் கொடுக்காதே” என்கிறாள். அவளுக்கு ஒரு வரன் பேசி முடித்திருக்கிறது. அரை மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறாள். எதுவும் நினைவில்லை என்கிறாள். ஒரு நாள் மட்டும் விடியற்காலையில் தூக்கத்திலேயே கை கால் வெட்டி இழுத்ததாகவும், நாக்கைக் கடித்துத் தலையணையெல்லாம் இரத்தம் என்றும் மாமியார் சொன்னார். அன்று முழுவதும் தலைவலி என்று படுத்தே கிடந்தாளாம்.

தேவாலே என்னும் தெய்வச் சந்நிதி நடத்தும் ஓர் அம்மையாரிடம் சாத்திரம் கேட்டிருக்கிறார்கள். தந்தை பிரேதமாகி, அதாவது அலையும் ஆவியாகி, மகளைப் பிடித்திருக்கிறார், களு குமாரயா என்ற பேயின் பார்வையும் பட்டிருக்கிறது, இரவு முழுக்கத் தொவில் என்னும் பேயோட்டும் சடங்கு வைக்க வேண்டும், பிறகு இவளுக்கே தெய்வ அருள் வரும் என்றாராம். இரண்டரை இலட்சம் ரூபாய் செலவு. முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மீதியில் பாதியை என்னிடம் கேட்கிறார்கள். விகாரையின் தலைமைப் பிக்குவான பெரிய ஹாமுதுருவோ, பிரித் என்னும் காப்புச் சூத்திரங்களை ஓதினால் போதும் என்கிறார். வைத்தியசாலைக்குப் போகலாம் என்றால், கல்யாணம் நின்றுவிடும் என்று மாமியார் அழுகிறார். பேய் பிசாசெல்லாம் பௌத்தத்தில் உண்டா? நான் பணம் கொடுப்பதா, தடுப்பதா?

– கண்டி வாசகர்

பதில்:

பேய் பேசியதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மனநல மருத்துவராக என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, போகிற போக்கில் நீங்கள் சொல்லிச் சென்ற ஒரு வரிதான்: விடியற்காலை, தூக்கத்தில், நாக்குக் கடிபட்டு இரத்தம்.

ஆவேசம் என்பது பெரும்பாலும் ஆட்கள் இருக்கும் இடத்தில், அவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் வருவது. அது யாரிடமோ எதையோ சொல்ல வருகிறது. யாரும் பார்க்காத நேரத்தில், பேச்சே இல்லாமல், தூக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, நாக்கைக் கடித்து, ஒரு பகல் முழுக்கத் தலைவலியில் படுக்கப் போட்டது வேறு சங்கதி. அது காக்காய் வலிப்பாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. கடிபட்டது நாக்கின் நுனியா ஓரமா என்று கேட்டுப் பாருங்கள்; வலிப்பில் பெரும்பாலும் ஓரம்தான் கடிபடும். படுக்கை நனைந்திருந்ததா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மாமியார் கூச்சப்பட்டுப் பதில் சொல்லமாட்டார். உங்கள் மனைவி கேட்கட்டும்.

அதற்காக அந்தியில் வரும் ஆட்டமும் வலிப்புதான் என்று நான் சொல்லவில்லை. அரை மணி நேரம் கோர்வையாகப் பேசி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, வரனை வேண்டாம் என்று சொல்லும் வலிப்பை நான் பார்த்ததில்லை. ஒரே உடம்பில் இரண்டும் இருக்கலாம். துக்கத்தில் ஒரு மனம் பிளந்து பேசுவதும், மூளையில் மின்னோட்டம் தடம் புரள்வதும் சேர்ந்தே வருவதுண்டு. வீட்டார் எல்லாவற்றையும் ‘யக்ஷ தோஷம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். அவசரத்தில் இருக்கும் டாக்டர் எல்லாவற்றையும் ‘ஹிஸ்டீரியா’ என்று இன்னொரு மூட்டையாகக் கட்டுவார். இரண்டிலும் பாதி தவறும்.

ஆகவே முதலில் வைத்தியசாலை. மாத்தறையிலோ காலி கராப்பிட்டியவிலோ அரச வைத்தியசாலைக்குப் போகலாம், பணம் கேட்கமாட்டார்கள். ஈ.ஈ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பதிவு எடுப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுப்பார்கள். ஈ.ஈ.ஜி. சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. எடுக்கும் அந்த இருபது, முப்பது நிமிடத்தில் மூளை சமர்த்தாக இருந்திருக்கலாம். கூடவே காய்ச்சல் இருந்ததா, பேச்சு குழறுகிறதா, தெளிந்த நேரத்திலும் ஞாபகம் தடுமாறுகிறதா, வாயும் கையும் தாமாக அசைகின்றனவா என்பதையும் சொல்லுங்கள். இளம் பெண்களுக்கு அதிகமாக வரும் ஒரு மூளையழற்சி இருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் மூளையையே தாக்கும். முதல் வாரங்களில் அது அச்சு அசலாகப் பேய் பிடித்தது போலவே இருக்கும். 2007இல்தான் அதன் காரணத்தை மருத்துவ உலகம் கண்டுபிடித்தது. சிலருக்கு அதன் மூலம் சினைப்பையில் உள்ள ஒரு கட்டி. காலத்தில் பிடித்தால் பெரும்பாலானோர் மீண்டுவிடுவார்கள். நங்கிக்கு அது இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல வேண்டியவர் அவளை நேரில் பார்க்கும் வைத்தியர், தேவாலே அம்மையார் அல்லர்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பௌத்தத்தில் பேய் உண்டா என்று கேட்கிறீர்கள். தமிழ் நண்பர்கள் பலர் இதை ஒரு சிறு நக்கலோடு கேட்பதுண்டு. உங்கள் கடிதத்தில் அது இல்லை, மகிழ்ச்சி. உண்டு, தாராளமாக உண்டு. பேயோட்டுவதையும் குறி சொல்வதையும் பிக்குகளுக்கு ஆகாத பிழைப்பு என்று பிரம்மஜால சூத்திரம் பட்டியல் போட்டு ஒதுக்குகிறது. அந்தச் சூத்திரம் உள்ள தீக நிகாயம் என்ற தொகுப்பிலேயே ஆடானாடிய சூத்திரமும் இருக்கிறது. யக்ஷர்களின் அரசன் வெஸ்ஸவணனே புத்தரிடம் வந்து, என் கூட்டத்தில் உங்கள் சொல்லை மதியாதவர்கள் இருக்கிறார்கள், காட்டில் தனித்திருக்கும் உங்கள் சீடர்களுக்கு இந்தக் காப்பு வாசகம் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போகிறான். வைசாலி நகரில் பஞ்சமும் கொள்ளைநோயும் அமானுடர்களும் சேர்ந்து ஆட்டியபோது, ஆனந்தர் இரத்தின சூத்திரத்தை ஓதி நீர் தெளித்து நகரை வலம் வந்ததாக உரைநூல்கள் சொல்கின்றன. இன்று வீடுகளில் பிரித் நீர் தெளிப்பதும் கையில் பிரித் நூல் கட்டுவதும் அந்த வழியில் வந்தவைதான்.

தெற்கில் தொவில் ஆடுபவர்களும் தம் கதையை அதே வைசாலியில்தான் தொடங்குகிறார்கள். அபாண்டப் பழி சுமத்தப்பட்ட ஓர் அரசியை அரசன் கொல்லச் சொல்கிறான். இறந்த தாயின் வயிற்றிலிருந்து பிறந்த பிள்ளை சுடுகாட்டில் வளர்ந்து கோல சன்னி யக்கா ஆகிறான். தந்தையின் நகரைப் பழிவாங்கப் பதினெட்டு நோய்ப் பேய்களை உண்டாக்குகிறான். காது கேளாமைக்கு பிஹிரி சன்னி, ஊமைக்கு கொலு சன்னி, பைத்தியத்துக்கு பிஸ்ஸு சன்னி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம், ஒரு நடை. கடைசியில் புத்தர் வந்து அடக்குகிறார். கொல்வதில்லை, படையலை வாங்கிக்கொண்டு நோயாளியை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு நடமாட விடுகிறார். அதனால்தான் எந்தத் தொவிலும் புத்தரை வணங்கித்தான் தொடங்கும். தொவிலை நடத்தும் கட்டடியா பேயை மிரட்டுவது தன் பலத்தில் அன்று, புத்தரின் ஆணையைச் சொல்லித்தான். உங்கள் மாமியார் காலையில் விகாரைக்குப் பூத்தட்டு கொண்டுபோய், மாலையில் கட்டடியாவுக்கு ஆள் அனுப்பினால் அவருக்கு அதில் முரண் எதுவும் தெரியாது. மறுமைக்கு ஒருவர், இம்மையின் தொல்லைக்கு இன்னொருவர். நாம் மட்டும் என்ன, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு முனியாண்டிக்குச் சுருட்டு வைக்கவில்லையா?

தொவிலை நான் வெறுப்பவன் அல்லன். இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன். முற்றத்தில் பாயில் நோயாளி வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருப்பாள். எதிரில் குருத்தோலையும் வாழைப்பட்டையும் கொண்டு கட்டிய படையல் மேடை. முன்னிரவில் யக்பெரய மேளத்தின் அடி நெஞ்செலும்பில் விழும். குங்கிலியப் பொடியைப் பந்தத்தில் வீசும்போது தீ ஆள் உயரம் எழும். நடுச்சாமத்தில்தான் உக்கிரம். அந்த நேரத்தில் நோயாளியும் எழுந்து ஆடுவதுண்டு. அதற்குப் பிறகு வருவதுதான் நம்மவர் எதிர்பாராதது: முகமூடிப் பேய்கள் ஒவ்வொன்றாக வந்து கோமாளித்தனம் செய்யும். ஒரு பேய் வழி தவறி வந்துவிட்டேன் என்று உளறும். இன்னொன்று மேளக்காரரிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொள்ளும். பச்சையான பகிடி. பாட்டிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். விடியும்போது, முன்னிரவில் வீட்டையே நடுங்க வைத்த பேய், வாழைப்பழத்துக்குப் பேரம் பேசும் ஒரு பிச்சைக்காரனாகச் சுருங்கியிருக்கும். நோயாளியும் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார்கள் ஆட்டக்காரர்கள்.

1970களில் காலிப் பகுதியில் இதை ஆராய்ந்த மானிடவியலாளர் புரூஸ் கப்ஃபெரர் இந்தச் சிரிப்பைத்தான் மையமாகப் பிடித்தார். பேயின் உலகத்தில் தனியே மாட்டிக்கொண்டவளை, சிரிப்பு மறுபடியும் ஊராரின் உலகத்துக்கு இழுத்து வருகிறது என்பது அவருடைய வாதம். நோயாளிகளில் பெண்களே அதிகம் என்பதையும் அவர் கவனித்தார். மனைவி, மருமகள், மணமாகாத பெண் என்று யாரும் நிறுத்திக் கேட்காத ஒருத்தி, ஓர் இரவு முழுக்க ஊரின் நடுவில் உட்காருகிறாள். அயலவர் பால்தேநீர் குடித்துக்கொண்டு அவளுக்காக விழித்திருக்கிறார்கள். இந்த மருந்தை எழுதித்தர என்னிடம் சீட்டு இல்லை.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? இந்த வீட்டில், இப்போது வேண்டாம் என்கிறேன். வலிப்பு உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதைப் போல வலிப்பைத் தூண்டுவது வேறு எதுவும் அதிகம் இல்லை. இரவு முழுக்க விழிப்பு, பட்டினி, புகை, இடைவிடாத மேளம், களைத்து விழும்வரை ஆட்டம் என்று அத்தனையும் சேர்ந்தால், விடியற்காலையில் அவளுக்குப் பெரிய வலிப்பு வரலாம். அதைப் பார்த்து, பேய் போகும்போது தள்ளிவிட்டுப் போகிறது என்று ஊரே கைகூப்பி நிற்கும். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸுக்கு யாரும் அழைக்கமாட்டார்கள். பரிசோதனை முடிந்து, மருந்து தேவையென்றால் அது தொடங்கி, வைத்தியர் பரவாயில்லை என்ற பிறகு வீட்டார் தொவில் வைக்க விரும்பினால், அப்போது நானே தடுக்கமாட்டேன்.

ஹாமுதுருவோ சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் வழி சாத்திரப்படியும் சரியானது. பேய் பிடித்தவருக்கு எடுத்த எடுப்பில் ஆடானாடியத்தை ஓதாதே, முதலில் ஏழு நாள் மெத்த, தஜக்க, இரத்தின சூத்திரங்களை ஓது, அதற்கும் விடாவிட்டால்தான் பெரியது என்று பழைய உரை வரிசை வகுத்திருக்கிறது. இரைச்சலில்லாத அந்தி நேரப் பிரித், கையில் நூல், பத்து மணிக்குள் தூக்கம் என்றால் எந்த நரம்பியல் வைத்தியரும் ஆட்சேபிக்கமாட்டார். தொவிலை ஒத்திப்போட உங்கள் மாமியாருக்கு ஒரு கௌரவமான காரணமும் கிடைத்துவிடுகிறது: டாக்டர் தடுத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை, நாயக்க ஹாமுதுருவோ பிரித்தை முதலில் முடிக்கச் சொன்னார் என்று சொல்லலாம். அவரிடம் நீங்கள் போக வேண்டாம், மனைவியை அனுப்புங்கள். தமிழ் மருமகன் வந்து சடங்கை நிறுத்தினான் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அடக்க முடியாது; பேய் போனாலும் அது போகாது.

இறந்தவரின் குரலுக்கு வருகிறேன். திரோகுட்ட சூத்திரத்தில் ஒரு காட்சி வரும். இறந்த உறவினர் தம் பழைய வீட்டுக்கு வந்து சுவருக்கு வெளியிலும் தெருச்சந்தியிலும் கதவு நிலையிலும் நிற்கிறார்கள். உள்ளே சோறும் பானமும் நிறைந்திருக்க, அவர்களை யாரும் நினைப்பதில்லை. இறந்தவர் பெயரால் தானம் கொடுத்துப் புண்ணியத்தை அவருக்குச் சேர்ப்பதற்குச் சிங்கள வீடுகளில் இந்தச் சூத்திரம்தான் ஆதாரம். அப்படிப்பட்ட ஒரு வீட்டில், தந்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்காத மகள் ஒருத்தி இருக்கிறாள். “நான் கிடந்தபோது யார் வந்தீர்கள்?” என்ற கேள்வியை அவள் வாய்தான் கேட்கிறது, கேட்கப்படுபவளும் முதலில் அவள்தான் என்று நினைக்கிறேன்.

“சின்னவளை அந்த வீட்டில் கொடுக்காதே” என்பதில் இன்னும் கவனம் தேவை. இருபத்திரண்டு வயதுப் பெண் அதைத் தன் குரலில் சொன்னால் வாயாடி என்பார்கள். இறந்த தந்தையின் குரலில் சொன்னால் வீடே கேட்கிறது. இதை நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எதுவும் நினைவில்லை என்று அவள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். தாங்க முடியாததைத் தூக்கிச் சுமக்க மனம் தன்னை இரண்டாக வகுத்துக்கொள்வதை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப்பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது; அதிலும் ஆவேச நிலைக்குத் தனி இடம் உண்டு. ஆனால் ஊரும் சமயமும் ஏற்றுக்கொண்ட சடங்கில் வரும் ஆவேசத்தை நோய் என்று எழுதக் கூடாது என்று அதுவே சொல்கிறது. வேண்டாமல் வந்து, வேலையையும் வாழ்வையும் குலைத்தால்தான் நோய். நங்கிக்கு வேலை போய்விட்டது, ஆகவே அவளுக்கு உதவி தேவை. அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. நான் மேலே எழுதியதை மாமியாரிடம் விளக்கப் போய்விடாதீர்கள். “பேய் இல்லை, இவள்தான் கல்யாணம் வேண்டாம் என்கிறாள்” என்று நீங்கள் சொன்ன மறுகணம் அவளுக்கு இருந்த ஒரே மறைப்பும் பறிபோகும். அப்பாவே வந்து சொல்லியிருக்கிறார், கல்யாணத் தேதியைக் கொஞ்சம் தள்ளிவைப்போம் என்று உங்கள் மனைவி சொல்லட்டும். பிரேதத்தின் பேச்சைக் கேட்டு வரனைத் தள்ளிவைத்தால் யாருக்கும் மானம் போகாது.

அவளோடு தனியாகப் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெண்ணாக இருக்க வேண்டும், வீட்டுக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். களு குமாரயா என்பது இளம்பெண்களை மோகித்துப் பிடிக்கும் கறுத்த இளவரசன். மணமாகாத பெண்ணுக்கு ஏதாவது என்றால் தெற்கில் இந்தப் பெயரைச் சொல்லிவிடுவது வழக்கம். கேட்பவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்காமலே விட்டுவிட அது வசதியாகிவிடுகிறது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியதிலிருந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போய் நெருக்கடியான விடுதி அறைகளில் தங்கி, இரவு பகல் மாறி மாறி வேலை செய்கிறார்கள். தூக்கம் கெடுவது ஒருபுறம். வேறு எதுவும் நடந்ததா, யாரையாவது விரும்பினாளா, யாராவது தொல்லை கொடுத்தார்களா என்று அவள் பயமின்றிச் சொல்ல ஓர் அறை வேண்டும். மனநலக் கிளினிக்கில் அந்த அறை இருக்கும். எதுவும் நடக்காமலும் இருந்திருக்கலாம்; துருவிக் குடையாதீர்கள்.

தேவாலே அம்மையாரைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. பழைய கட்டடியா ஊர்க்காரர். அவருடைய தந்தையும் அதே தொழில், வைத்தியம் பிசகினால் மறுநாள் சந்தையில் அவர் முகத்தைக் காட்டியாக வேண்டும். முழுத் தொவில் இன்று அருகிவிட்டது. அம்பலாங்கொடை முகமூடிகள் உல்லாசப் பயணிகளின் பெட்டிகளில் பறக்கின்றன. அந்த இடத்தில் நகர ஓரங்களில் சூனியம் தெய்வத்துக்கும் பத்திரகாளிக்கும் வீட்டு முன்னறையில் தேவாலே வைத்திருப்பவர்கள் பெருகினார்கள். எல்லோரையும் குறைசொல்லவில்லை. கதிர்காமத்தில் சடைமுடியோடு ஆடும் பெண்களை ஆராய்ந்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர ஒன்றை எடுத்துக்காட்டினார்: அவர்களில் பலருக்கு முதலில் வந்தது இறந்த உறவினரின் பிரேதம்தான். ஆண்டுக்கணக்கில் அடியும் அவமானமும் பட்ட பிறகு அதையே அவர்கள் தெய்வ அருளாக மாற்றிக்கொண்டார்கள், அதனால் ஊரில் மரியாதையும் பெற்றார்கள். உங்கள் அம்மையாருக்கும் அப்படியொரு கதை இருக்கலாம். அதனாலேயே அவர் நங்கியைப் பார்த்ததும் தன் வழியைக் காட்டுகிறார். ஆனால் வலிப்பு இருக்கிறதா என்றே பார்க்காத ஒரு பெண்ணைச் சன்னதம் ஆடப் பழக்குவது ஆபத்து. தந்தைக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்து அவள் எழுந்து வரவேண்டிய நேரத்தில், அவரைச் சுமப்பதையே தொழிலாக்கச் சொல்கிறார் இவர்.

பணம் கொடுப்பதா என்று கேட்டீர்கள். அந்த மீதியில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முன்பணம் போனது போகட்டும், அதைத் திருப்பிக் கேட்டுச் சண்டை வளர்க்க வேண்டாம். சாபம் விடுவார், வீட்டார் மிரண்டுபோவார்கள். அந்தத் தொகையை ஓராண்டு நினைவுத் தானத்துக்கு உங்கள் பங்காக வையுங்கள். நான்கு மாதம்தான் இருக்கிறது. தானத்தன்று மாமனாருக்குப் பிடித்த கறியை நங்கியே சமைத்துப் பிக்குகளுக்குப் பரிமாறட்டும். புண்ணியத்தை அவருக்குச் சேர்க்கும் நீரை அவள் கையால் வார்க்கட்டும். அடக்கத்தன்று அவள் இழந்ததில் கொஞ்சத்தை அங்கே திரும்பப் பெறலாம்.

எந்தச் சடங்கு நடந்தாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். அடிக்கக் கூடாது. 2021 பெப்ரவரியில் மீகஹவத்தை பொலிஸ் பிரிவில் பேயோட்டுவதாகச் சொல்லி எண்ணெய் பூசிப் பிரம்பால் அடித்ததில் ஒன்பது வயதுச் சிறுமி இறந்துபோனாள். அழைத்துச் சென்றவர் தாய்தான், அவரும் கைதானார். அவரும் தன் பிள்ளையைக் காப்பாற்றத்தான் போனார் என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. பிரம்பு கண்ணில் பட்டால் நீங்கள் மருமகன் என்பதை மறந்து குறுக்கே நில்லுங்கள். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். மிளகாய்ப் புகை கூடாது. பூட்டிய அறையில் எவரோடும் அவளைத் தனியே விடக் கூடாது. மருந்து தொடங்கியிருந்தால், சடங்குக்காக ஒரு வேளையும் நிறுத்தக் கூடாது. சாராயத்தை அடியோடு நிறுத்துங்கள். பிரேதத்துக்கு வேண்டுமானால் படையல் தட்டில் வைக்கட்டும், அவள் வாயில் வேண்டாம்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். கையில் இரும்புச் சாவி திணிப்பதால் பயனில்லை. வாய்க்குள் கரண்டியோ துணியோ வைத்தால் பல் உடையும், மூச்சடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் ஏதாவது மெத்தென்று வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ 1990க்கு அழையுங்கள், சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும். பரிசோதனை முடியும்வரை அவள் கிணற்றடியிலோ ஆற்றிலோ தனியாகக் குளிக்க வேண்டாம், அடுப்படியிலும் கவனம். வலிப்புக்கு மாத்திரை எழுதினால், கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பதை அந்த வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வல்புரோவேட் என்ற மருந்து கருவிலுள்ள பிள்ளைக்குக் கேடு செய்யும். வேறு மருந்துகள் இருக்கின்றன.

மாமியாரின் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். தெற்கில் மனநோய் என்றாலே அங்கொடை மனநல வைத்தியசாலைதான் கண்முன் வரும். அங்கே போக வேண்டியதில்லை. பொது வைத்தியசாலையில் வலிப்புக்கும் தலைவலிக்கும் போகிறோம் என்று அயலவரிடம் சொல்வதில் பொய்யும் இல்லை. மனநல ஆலோசனைக்கு அதே வளாகத்தில் வேறொரு அறைக்கு நடந்தால் போதும். இரவில் யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அவள் சாவைப் பற்றிப் பேசினாலோ, அப்பா கூப்பிடுகிறார், போகிறேன் என்றாலோ, பிரித் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அழைத்துப் போங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்திவிடுங்கள்.

அடுத்த முறை அந்தியில் ஆடும்போது தொலைபேசியில் ஓரமாக நின்று படம் பிடித்துவையுங்கள். வைத்தியரைத் தவிர வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வேண்டாம். அந்த விடியற்காலையைப் படம் பிடிக்க யாரும் இருக்கவில்லை. ஆகவே எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, முதலில் எந்தப் பக்கம் இழுத்தது, முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று மாமியாரிடம் கேட்டு ஒரு தாளில் சிங்களத்தில் எழுதிக்கொண்டு போகட்டும். கிளினிக்கில் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.